மூன்று தேவதாருக்களின் வாள்

1570ஆம் ஆண்டு. ஜப்பானின் அனேகாவா ஆற்றங்கரையில் ஓடா நொபுனாகாவும் தொகுகவா இயேயாசுவும் ஒரு பக்கம்; அசாய், அசகுரா படைகள் எதிர்ப்பக்கம். தோற்றுப் பின்வாங்கும் அசகுரா படைக்கு அரணாக நின்றான் மகரா நவோதக்கா. அவன் கையில் ஆளுயரத்துக்கு ஒரு வாள். அந்த மகராவை இயேயாசுவின் வீரன் அவோகி கசுஷிகே வெட்டிச் சாய்த்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவோகியின் வாளோ சாதாரண நீளம்தான்.

அதை அடித்தவர் மகோரொகு கனேமோத்தோ.

மினோ நாட்டில் அகசாகா என்ற ஊரில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலை மூட்டியவர் அவர். கனேமோத்தோ என்ற பெயரில் இரண்டாம் தலைமுறை. ஊருக்கு ஊர் போர் நடந்த காலம் அது. தலைநகர் கியோட்டோவிலிருந்து கிழக்கே போகும் வழியில் இருந்தது மினோ. கொல்லர்களுக்கு ஓய்வில்லை. உடையக்கூடாது, வளையக்கூடாது, நன்றாக வெட்டவேண்டும்; வாங்க வந்தவன் கேட்டது அவ்வளவுதான். கனேமோத்தோவின் வாள் கனம் குறைந்தது, நடுமுகடு உயர்ந்தது. வெட்டு இறங்கும்போது சதையில் சிக்காமல் வழுக்கிச் செல்லும்.

வாளின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் விளிம்பில் மெலிதாகவும் பூசி, செக்கச்செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். சட்டெனக் குளிரும் விளிம்பு கடினமாகும். மெல்லக் குளிரும் முதுகு அடி தாங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பனிபோல் ஒரு வெள்ளைக் கோடு விழும். கனேமோத்தோவின் கோடு கூர்கூராக எழும்பும், மூன்று மூன்று முனைகளாக. வரிசையாக நிற்கும் தேவதாரு மரங்களைப் பார்ப்பதுபோல் இருப்பதால் அதற்கு ‘சன்போன்சுகி’ என்று பெயர்; மூன்று தேவதாரு என்று பொருள்.

1797இல் வெளிவந்த ‘கைஹோ கென்ஜாகு’ என்ற நூல், கொல்லர்களை வெட்டுத்திறனை வைத்தே தரம் பிரித்தது. மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களில் வெட்டிப் பார்த்த சோதனைகள்தான் அதற்கு ஆதாரம். படிக்கவே நெஞ்சு பதறுகிறது. அதில் முதல் தரம் பெற்றவர்கள் பன்னிரண்டே பேர். கனேமோத்தோ அவர்களில் ஒருவர்.

பின்வந்த கனேமோத்தோக்கள் செகி நகரில் தொழில் செய்தார்கள். ‘செகி மகோரொகு’ என்ற பெயரில் இன்று சமையலறைக் கத்திகள்கூட விற்கின்றன.

வாளில் பெயர் பொறித்திருந்தாலும் வல்லுநர்கள் அதோடு விடுவதில்லை. எந்தத் தலைமுறையின் வாள் என்று அறிய, அதை விளக்கொளியில் சாய்த்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறார்கள். பிற்காலத்தவர் வாள்களில் மும்மூன்று முனைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே சீராக நிற்கும். மகோரொகுவின் கை வேலையில் அந்தச் சீர் இருக்காது. ஒரு முனை ஓங்கி, அடுத்தது உருண்டு, பக்கத்தில் இரண்டு நெருங்கி நிற்கும், காட்டில் மரங்கள் நிற்பதுபோல.