முடியளவு இடைவெளியில் ஈர்ப்பு விசை மாறுமா?

மேசையில் கிடக்கும் பேப்பர் கிளிப்பை ஒரு சின்னக் காந்தத்தால் தூக்கிப் பாருங்கள். முழு பூமியும் அதைக் கீழே இழுக்கிறது. ஆனாலும் ஜெயிப்பது காந்தம்தான்!

இயற்கையின் 4 அடிப்படை விசைகளில் ஆக பலவீனமானது ஈர்ப்பு விசை. அதனால், சிறு பொருள்களுக்கு இடையே அதை அளப்பது பெரும்பாடு.

விதி என்ன?

தூரம் பாதியானால் ஈர்ப்பு 4 மடங்காகும். 1687இல் நியூட்டன் வெளியிட்ட விதி அது. கோள்களின் பாதையைக் கணிக்க இன்றும் கைகொடுக்கிறது.

அப்போ ஏன் மறுபடியும் சோதிக்கணும்?

1998இல் இயற்பியலாளர்கள் மூவர் ஒரு யோசனையை முன்வைத்தனர். நீளம், அகலம், உயரம் தவிர வேறு பரிமாணங்களும் சுருண்டு மறைந்திருக்கலாம். தூரத்தில் வெறும் கோடாகத் தெரியும் கயிற்றை எறும்பு சுற்றியும் நடக்கும் இல்லையா? அதுபோல.

ஈர்ப்பு அந்தப் பரிமாணங்களுக்குள்ளும் பரவுவதால்தான் நமக்குப் பலவீனமாகத் தெரிகிறதாம். அப்படி 2 பரிமாணங்கள் இருந்தால், அவற்றின் அளவைவிடச் சிறிய இடைவெளியில் கணக்கே மாறும். தூரம் பாதியானால் ஈர்ப்பு 4 மடங்கு அல்ல, 16 மடங்கு!

எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது.

- மெல்லிய இழையில் ஒரு தட்டு தொங்கும்.
- அதற்குக் கீழே இன்னொரு தட்டு மெதுவாகச் சுழலும்.
- இரண்டிலும் ஒரே மாதிரி வடிவங்கள் வட்டமாக அமைந்திருக்கும்.
- கீழ்த்தட்டு சுழலும்போது, ஈர்ப்பு மேல்தட்டை லேசாக முன்னும் பின்னும் திருப்பும்.
- அந்தத் திருப்பத்தை ஒளிக்கதிர் கொண்டு அளப்பார்கள்.

மின்விசை கொஞ்சம் கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அதைத் தடுக்க, தட்டுகளுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு இருக்கும்.

முடிவு?

2020இல் வெளியான சோதனையில் இடைவெளி 52 மைக்ரோமீட்டர்வரை குறைந்தது. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். அங்கேயும் நியூட்டனின் விதி பிசகவில்லை.

"அப்போ ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்கிறீர்களா?

கிடைத்தது. மறைந்த பரிமாணம் இருந்தால் அதன் ஆரம் 30 மைக்ரோமீட்டரைவிடக் குறைவாகத்தான் இருக்கமுடியும் என்று தெரியவந்தது. 1998இல் அது ஒரு மில்லிமீட்டர்வரை இருக்கலாம் என்று நம்பினார்கள்!

அதாவது, ஒளிந்துகொள்ள இருந்த இடம் சுருங்கிவிட்டது. அதற்கும் கீழே என்ன நடக்கிறது? தட்டுகளை இன்னும் நெருக்கமாகக் கொண்டுவந்தால்தான் தெரியும்.