அரை வயிற்றின் வரலாறு

களமருதூரில் எங்கள் பழைய வீட்டின் அடுக்களையில் ஈயம் பூசிய பித்தளைக் கிண்ணம் ஒன்று இருந்தது. குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டும் அளவுக்குச் சிறியது. அதில் சாப்பிட்டவர் ஆறடி உயரமும் ஏர் பிடித்த தோள்களும் கொண்ட என் தாத்தா. மற்றவர்கள் மூன்று வேளை உண்ண, அவர் ஆறு வேளை உண்பார். குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் சாமையில் வடித்த கஞ்சி, மோர். ஒவ்வொரு வேளையும் அந்தக் கிண்ணம் ஒன்றுதான். சோற்றோடு தண்ணீர் குடிக்கமாட்டார். அரை மணி நேரம் கழித்தே செம்பைத் தொடுவார். உண்டவுடன் திண்ணையில் சற்றே சாய்ந்துகொள்வார். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று ஆயா ஒவ்வொரு நாளும் கேட்பதும், அவர் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறுப்பதும் எங்கள் வீட்டின் அன்றாடச் சடங்கு.

1968-இல், அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், தீராத வயிற்றுப்புண்ணுக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. "பாதி வயித்த எடுத்துட்டாங்க" என்பதே வீட்டில் வழங்கிவந்த மருத்துவக் குறிப்பு. புண் ஆறிற்று, வலி போயிற்று. ஆனால் அதன் பிறகு எப்படி உண்ண வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து ஓர் உறவினர் திருமணத்தில் ஒரு குவளைப் பாயசம் குடித்தார். கால் மணி நேரத்தில் உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருண்டு பந்தலிலேயே படுத்துவிட்டார். கண் பட்டுவிட்டது என்று ஆயா மிளகாய் சுற்றிப் போட்டார். இரண்டாம் முறையும் அப்படியே நேர்ந்தபோது தாத்தா பாயசத்தை நிறுத்தினார். தம் உடலைத் தாமே கூர்ந்து பார்த்துப் பார்த்து ஒரு விதித்தொகுப்பை உண்டாக்கிக்கொண்டார். அதன் வடிவம்தான் அந்தக் கிண்ணம்.

ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப் பின், என் சித்தி மகள் உடல் எடையைக் குறைப்பதற்காகச் சென்னையில் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். வீடு திரும்பியபோது உணவியலாளர் கொடுத்தனுப்பிய தாளை எனக்குக் காட்டினாள். சிறு கிண்ணத்தில் உண்ணவும், ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்ணவும், மெதுவாக மென்று விழுங்கவும், உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி இடைவெளி விடவும், இனிப்பைத் தவிர்க்கவும். தாளைப் படிக்கப் படிக்க எனக்குத் திண்ணையில் சாய்ந்திருக்கும் தாத்தாவே தெரிந்தார். நோயாளி ஒருவரின் தனிப்பட்ட தற்காப்பு, மருத்துவத்தின் அச்சிட்ட அறிவுரையாக மாறியது எப்படி? இந்தக் கேள்வியின் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

*

வியன்னா நகரில் 1881 ஜனவரி 29 அன்று தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட 43 வயதுப் பெண்ணொருத்தியின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அப்பெண் அறுவையிலிருந்து மீண்டு உண்ணத் தொடங்கினாள். சில மாதங்களில் புற்று திரும்பியதால் இறந்தாள். எனினும் இரைப்பையைக் குறைத்த பிறகும் மனிதர் உண்டு வாழ முடியும் என்பது அன்று நிறுவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய உதவியாளர் வோல்ஃப்ளர், எதையும் வெட்டி நீக்காமல் இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துப் புதுவழி அமைத்தார். வயிற்று அறுவையின் வரலாறு முழுவதும் ஏறத்தாழ இவ்விரு செயல்களின் விரிவுதான்: குறைத்தல், வழிமாற்றுதல்.

இவ்வறுவை தென்னாட்டு ஏழையின் வயிற்றை வந்தடைந்ததற்கு ஒரு மலையேறி காரணமானார் என்பது வியப்புக்குரியது. 1922-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்றிருந்த ஹோவர்ட் சோமர்வெல், பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையின் வாசலில் காத்திருந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வைக் கைவிட்டு அங்கேயே பணியில் சேர்ந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, மூச்சடைத்துச் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவரும் அவரே. நெய்யூரில் அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பகுதியினர் முன்சிறுகுடல் புண்ணால் துன்புற்றவர்கள். புண்ணின் தழும்பு இரைப்பையின் வாயிலை அடைத்துவிட, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இரைப்பையையும் குடலையும் இணைக்கும் அறுவை, அந்த அரங்கின் அன்றாட வேலையாயிற்று. பின்னாளில் அவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

தென்னிந்தியரிடம் இந்நோய் ஏன் இவ்வளவு மலிந்திருந்தது என்ற ஆராய்ச்சி குன்னூரில் நடந்தது. அங்கே ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். அரிசியும் மரவள்ளியும் மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு வயிற்றில் புண் கண்டது. பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகள் நலமாயிருந்தன. புண்ணுக்கு முதன்மைக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980-களில் நிறுவினர். அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அதன்பின் புண்ணுக்கு மாத்திரை போதுமென்றாகி, கத்தி பெரும்பாலும் விலகிக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே உலகெங்கும் எண்ணற்றோர் அரை வயிற்றோடு வீடு திரும்பியிருந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர்.

*

அவர்களுக்கு நேர்ந்தவற்றை மருத்துவம் மெல்ல மெல்லத்தான் கவனித்தது. இரைப்பையின் பணிகளுள் முக்கியமானது காவல்: உணவைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுவது. அந்தக் காவல் போனபின், இனிப்பு நிறைந்த உணவு திடுமெனக் குடலில் இறங்குகிறது. அதன் செறிவை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. வியர்வை, படபடப்பு, மயக்கம். ஓரிரு மணி கழித்து, மிகுதியாகச் சுரந்துவிட்ட இன்சுலினால் சர்க்கரை இறங்கி மீண்டும் ஒரு நடுக்கம். 1922-இல் இதற்கு 'டம்பிங்', அதாவது கொட்டிவிடுதல் என்று பெயரிட்டார்கள். களமருதூரில் மிளகாய் சுற்றிப் போட்டு விரட்டப்பட்டது இதுதான்.

அடுத்தது இரத்தசோகை. பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் 1920-களின் பிற்பகுதியில் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். தாம் உண்ட மாட்டிறைச்சியை வயிற்றிலிருந்து வெளிக்கொணர்ந்து, கொடிய சோகை கண்ட நோயாளிகளுக்கு அளித்தார்; அவர்கள் தேறினார்கள். உணவிலுள்ள ஏதோ ஒன்றை உடல் ஏற்க, நலமான இரைப்பையில் சுரக்கும் வேறொன்று துணை நிற்கவேண்டும் என்று இதிலிருந்து தெரிந்தது. 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமின்தான் உணவிலிருந்த அப்பொருள். இரைப்பையை இழந்தவர் அந்தத் துணையையும் இழக்கிறார். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலன்றித் தாவர உணவில் பி12 கிடைப்பதில்லை என்பதால், கூழும் கஞ்சியும் உண்ட நம்மவர்க்கு இது இரட்டை இழப்பு. தாத்தா தம் கடைசிக் காலத்தில் நாக்கு எரிகிறது என்றும் பாதம் மரத்துப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அவை பி12 குறைவின் அடையாளங்களாகவும் இருக்கலாம் என்று எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. முதுமை என்று விட்டுவிட்டோம். என் தங்கையின் தாளில் பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மூன்றும் 'வாழ்நாள் முழுவதும்' என்ற சொல்லோடு குறிக்கப்பட்டிருந்தன.

திருப்பம் நிகழ்ந்தது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில். புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிகிறார்கள், எவ்வளவு முயன்றாலும் எடை கூடுவதில்லை என்பதை எட்வர்ட் மேசன் கவனித்தார். மற்றவர்கள் தீங்கு என்று கண்ட விளைவில் அவர் ஒரு மருந்தைக் கண்டார். 1966-இல் அவரும் சிக்காஷி இட்டோவும், உடல் மிகப் பருத்தவர்களுக்கு இரைப்பையைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையைத் தொடங்கினர். இன்று அவ்வறுவையில் உணவு ஏற்கும் பை ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டி அளவு. வேறொரு முறையில் இரைப்பையின் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல ஆக்கிவிடுகிறார்கள். புண்ணாளியின் துன்பம் பருத்தவரின் சிகிச்சையாயிற்று. அவர்களுடைய வியர்வையிலும் மயக்கத்திலும் கற்ற பாடங்களே பிறகு உணவியலாளரின் தாளில் வரிசை எண்களோடு அமர்ந்தன.

*

ஆனால் தாத்தாவுக்கும் தங்கைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர் பட்டினியால் மெலிந்து அறுவைக்குப் போனவர். இவள் பசியோடு போராடித் தோற்று அறுவைக்குப் போனவள். 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று உறவினர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லக் கேட்டவள். பசி என்பது என்ன என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

வயிறு வேறு, பசி வேறு என்று தமிழ்ப் பேச்சு பிரிப்பதில்லை. 'வயிற்றுப் பிழைப்பு' என்றால் பசி தீர்க்கும் தொழில்தான். 1912-இல் வால்டர் கேனனின் மாணவர் ஒரு பலூனை விழுங்கி, பசி எடுக்கும் நேரங்களில் வயிறு சுருங்குவதைப் பதிவு செய்தபோது விஞ்ஞானமும் இதையே சொல்வதாகத் தோன்றியது. ஆனால் இரைப்பை முழுவதையும் இழந்த ஒருவருக்கும் பசி எடுக்கிறது என்று 1931-இல் வாங்கன்ஸ்டீனும் கார்ல்சனும் காட்டினர். 1999-இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற சுரப்பைக் கண்டறிந்தனர். பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து, மூளைக்குச் சென்று 'உண்' என்று சொல்லும் தூது அது. குழாயாக்கும் அறுவையில் நீக்கப்படுவது அந்த மேற்பகுதிதான். மாற்றுவழி அறுவைக்குப் பின்னரோ, போதும் என்று சொல்லும் குடல் சுரப்புகள் பெருகுகின்றன. ஆகவே இவ்வறுவைகள் பாத்திரத்தைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை. வயிற்றுக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சையே மாற்றிவிடுகின்றன.

மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் முனிவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்ததால், யானைத்தீ என்னும் அடங்காப் பசியைச் சாபமாகப் பெற்றவள். எவ்வளவு உண்டும் தீராத அப்பசி, அமுதசுரபியிலிருந்து பெற்ற சிறு உணவில் அடங்குகிறது. அளவால் தீராத பசி ஒன்று உண்டு, அது நோய், அதைக் கொண்டவர் பழிக்கன்று, இரக்கத்துக்கும் சிகிச்சைக்கும் உரியவர் என்று சாத்தனார் கண்டிருக்கிறார். என் தங்கையின் உறவினர்கள் அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் அவளுக்குப் பசியே இல்லை. "பசிக்காம சாப்பிடறது வேலைக்குப் போற மாதிரி இருக்குண்ணா" என்றாள். கடிகாரம் பார்த்து மோர், அவித்த முட்டை, மசித்த பருப்பு, சுண்டல். அன்றன்றைய புரதக் கணக்கு. நான்காம் மாதம் தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாகக் குறையும்போது நேர்வதுதான், பெரும்பாலும் திரும்ப வளரும் என்ற பிறகே தேறினாள். கைகளில் தோல் தொங்கிற்று. கண்ணாடியில் தெரிபவள் யாரென்று பழக ஓராண்டாயிற்று. இரண்டாம் ஆண்டில் பசி மெல்லத் திரும்பி வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அச்சம் என்றாள். அறுவை சிறிது காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்துக்குள் உண்ணும் பழக்கத்தை மாற்றிக்கொள்வது அவரவர் வேலை. சிலருக்கு எடை ஓரளவு திரும்புவதும் உண்டு.

இருவருக்கும் பொதுவாய் இருந்த இடர் விருந்து. நம் ஊரில் அன்புக்கு அளவு 'இன்னும் கொஞ்சம்' என்பதுதான். இலையில் மிச்சம் வைப்பவர் பரிமாறியவரை அவமதித்தவராகிறார். "என்னா மாமா, குருவி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறீங்க?" என்ற கேலிக்கு அஞ்சித் தாத்தா தம் கடைசி இருபது ஆண்டுகளில் பந்தியில் உட்காரவே இல்லை. மொய் எழுதிவிட்டுப் பேருந்து பிடித்து வந்துவிடுவார். ஆயா அதைச் சொல்லி அழுதிருக்கிறார். அறுவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பாதி வயிற்றை மட்டுமன்று, பந்தியில் ஓர் இடத்தையும்தான்.

சென்ற பொங்கலுக்குத் தங்கை களமருதூர் வந்திருந்தாள். எல்லோரும் இலை போட்டு அமர்ந்தபோது சற்றுத் தயங்கி நின்றாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பரணிலிருந்து அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துப் புளி போட்டு விளக்கி, அதில் இரண்டு கரண்டி வெண்பொங்கல் வைத்துக் கொண்டுவந்து அவள் இலைமேல் வைத்தார். அவள் அதை உண்டு முடிக்க அரை மணி நேரமாயிற்று. அதுவரை பந்தியிலிருந்து எவரும் எழவில்லை. இன்னும் கொஞ்சம் என்றும் எவரும் கேட்கவில்லை.