பிளேட் அறையின் விளக்குகள்

சிவகாசியில் அச்சுத் தொழில் தீப்பெட்டியின் பின்னால் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் லித்தோ அச்சகங்கள் எழுந்தன. பட்டாசு லேபிளும் காலண்டரும் பின்னர் சேர்ந்துகொண்டன. லித்தோ ஓவியர் நிறத்துக்கு ஒரு கல்லாக மசியால் வரைந்தார். அந்த வேலைக்கு விளக்கு வெறும் வெளிச்சம்தான். ஆஃப்செட் அச்சுக்காகப் பிலிமிலிருந்து படத்தை உலோகத் தகட்டுக்கு மாற்றும் முறை வந்தபோதுதான் விளக்கே ஒரு கருவியானது.

தொடக்ககாலத் தகடுகளில் பூசப்பட்டவை முட்டை வெள்ளைக்கருவும் வேலம்பிசினும். அவற்றுடன் அம்மோனியம் டைகுரோமேட் கலந்தால், ஒளி பட்ட இடம் இறுகி நீரில் கரையாமல் நிற்கும். டைகுரோமேட் பூசிய தாள் ஒளியில் மாறுவதை 1839-இல் ஸ்காட்லாந்தின் முங்கோ பாண்டன் அறிவித்தார். 1855-இல் பிரான்சின் அல்ஃபோன்ஸ் புவாத்வான் அந்த வேதியியலைக் கல்லச்சுக்குக் கொண்டுவந்தார். புகைப்படக் கலைஞர்கள் நிறப்பொடி கலந்து கையால் செய்யும் கம் பிரிண்டும் இதே குடும்பம்.

இந்தப் பூச்சு மஞ்சள், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. புற ஊதாவும் அதையொட்டிய ஊதா, நீல ஒளியுமே அதை இறுக்கும். தகடு செய்யும் பிளேட் அறையில் மஞ்சள் பல்பு எரிவது அதனால்தான். கண் கூசும் குண்டு பல்பும் அங்கே ஏறக்குறைய வீண்.

வெயிலில் புற ஊதா தாராளம். பட்டாசு காயும் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் காலை வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றல்ல, மேகம் வந்தால் கணக்கே மாறும். வெளிச்சம் ஏறி இறங்கி, நான்கு நிறத் தகடுகளில் ஒன்றில் மட்டும் படத்தின் நுண்புள்ளி பருத்துவிட்டால் காலண்டர் முருகனின் முக நிறம் கெட்டுவிடும்.

அச்சுத் தொழில் நெடுங்காலம் நம்பியது கார்பன் வில் விளக்கை. அதன் ஒளி 390 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வலுவானது. சிறிய இடத்திலிருந்து புறப்படுவதால் பிலிமின் விளிம்புக்கு அடியில் கசியாமல் நுண்புள்ளிகளைக் கூர்மையாகக் காக்கும். புகை, சாம்பல், தேயும் கரிக்குச்சி, துடிக்கும் சுடர் ஆகியவை அதன் தொல்லைகள். விளக்கைத் தள்ளி வைத்தால் பெரிய தகட்டிலும் ஒளி சீராக விழும். ஆனால் தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், நேரம் நான்கு மடங்காகும். குழல்விளக்கு வரிசையை அருகிலேயே வைக்கலாம். ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அதன் ஒளி விளிம்பை மழுக்கும். கம் பிரிண்டுக்கு இது பெரிய குறையல்ல, நான்கு நிறப் புள்ளிகளுக்குக் குறை.

பாதரச விளக்கு 365, 405, 436 நானோமீட்டர் கோடுகளைத் தந்தது. அணைந்தால் ஆறிய பிறகே மீண்டும் எரியும். மின்தடை வந்தால் வேலை நிற்கும். டைகுரோமேட்டை ஒதுக்கிவிட்டு டயசோ என்னும் ஒளியுணர் வேதிப்பொருள் பூசிய ஆயத்தத் தகடுகள் வந்தபின், காலியம் சேர்த்த மெட்டல் ஹாலைடு விளக்கு அவற்றுக்குப் பொருந்தியது.

கணினியிலிருந்து நேரடியாகத் தகடு செய்யும் முறை பிலிமையே ஒழித்தது. அதில் ஒரு வகை 405 நானோமீட்டர் ஊதா லேசர். மற்றொன்று 830 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், அதற்குப் புற ஊதாவே வேண்டாம். கையால் அச்சிடும் கலைஞர்கள் மட்டும் 365 அல்லது 395 நானோமீட்டர் எல்இடி பலகைகளுக்கு மாறி, டைகுரோமேட்டைத் தொடர்கிறார்கள்.