பாலஸ்டியர் பட்டறையும் ஸ்கில் டெஸ்ட்டும்: சிங்கப்பூரின் தொழிற்பயிற்சி வரலாற்றில் தமிழ் இளையர்

பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டு இறுதிக்குள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் என்று 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்தது. தீவின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்த காலம் அது. அறிவிப்பின் அடி முதலில் விழுந்த இடங்களில் ஒன்று செம்பவாங். அங்கிருந்த கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெரும் எண்ணிக்கையில் வேலை பார்த்தார்கள். குடியுரிமை இல்லாத பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு, அப்பா செய்த வேலை தமக்கும் கிடைக்கும் என்ற உறுதி போய்விட்டது.

அன்றைய சிங்கப்பூர் எல்லா வகையிலும் வளரும் நாடுதான். 1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை வேலைகள் தொடங்கின. அதே ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் உருவானது. ஆனால் இயந்திரம் வந்தாலும் அதை இயக்கத் தெரிந்த கைகள் போதவில்லை. பள்ளிகள் எழுத்தர்களை உருவாக்கிப் பழகியிருந்தன. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாலஸ்டியரில், 1960களின் முற்பகுதியில் அமைந்த சிங்கப்பூர்த் தொழிற்பயிற்சி நிலையம் இந்தக் குறையைத் தீர்க்க எடுத்த தொடக்க முயற்சி. பிரிட்டிஷ் அறிவிப்புக்குப் பிறகு வேகம் கூடியது. 1968இல் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனித் துறை ஏற்பட்டது. மறு ஆண்டு முதல் உயர்நிலைத் தொடக்க வகுப்புகளின் மாணவர் அனைவரும், மாணவியரில் பாதிப் பேரும் உலோக வேலை, மர வேலை, தொழில்நுட்ப வரைபடம் போன்றவற்றைக் கற்க வேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய முதல் பயிற்சி நிலையம் டாட்டாவுடையது, ஆண்டு 1972. ஜெர்மனியின் ரோலையும் நெதர்லாந்தின் பிலிப்சும் அதன் பிறகே வந்தன. ஏற்பாடு எளிமையானது: அரசு இடமும் பணமும் கொடுத்தது, நிறுவனம் பயிற்றுநர்களையும் தொழில் அனுபவத்தையும் கொண்டுவந்தது, தன் தேவைக்கு மேலாகவும் ஆட்களைப் பயிற்றுவித்தது. மிச்சப்பட்டவர்கள் மற்றத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பயிற்சி முடிந்த இளையருக்கு மறுமுனையில் ஒரு வேலை காத்திருந்தது. பயிற்சிச் செலவு அவர் தலையில் விழவில்லை. பிற்காலத்துத் திட்டங்கள் பலவற்றை எடைபோட இந்த இரண்டு அளவுகோல்களே போதும்.

கைத்திறனுக்கு வெளியே இன்னொரு தடை இருந்தது. பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்ததால் தமிழ்வழியில் படித்தவர்களும் தொடக்கப்பள்ளியோடு நின்றவர்களும் வாசலிலேயே தடுமாறினார்கள். 1979இல் உருவான தொழிற்பயிற்சி வாரியம், வேலை பார்ப்போருக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் ‘பெஸ்ட்’ திட்டத்தை 1983இல் தொடங்கியது. 1992இல் அந்த வாரியம் தொழில்நுட்பக் கல்விக் கழகமாக மாறியது. இன்று அங்கே வெல்டிங் படிப்பவரும் குழுவாக வேலை செய்வது, பேசிப் புரியவைப்பது, சிக்கலைத் தீர்ப்பது போன்ற வாழ்க்கைத் திறன் பாடங்களைப் படித்தே ஆக வேண்டும்.

சமூகமும் தன் பங்கைச் செய்தது. இந்திய மாணவர்கள், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியது கவலையாகி 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா பிறந்தது. முதல் தலைவர் ஜே. ஒய். பிள்ளை. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி ரோட்டில் இயங்கும் அது, துணைப்பாட வகுப்பில் தொடங்கி இளையர், குடும்ப நலன் என்று விரிந்தது. இந்திய ஊழியர்கள் வருமானத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை கொடுக்கும் சந்தா அதன் முதுகெலும்பு.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களின் கதை வேறு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கமிருந்து கட்டுமான வேலைக்கு வரும் அவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ‘ஸ்கில் டெஸ்ட்’. கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் சான்றிதழுக்கான இந்தத் தேர்வைப் பெரும்பாலோர் ஊரிலேயே எழுதிவிட்டு வருகிறார்கள். கம்பி வேலை என்றால் வரைபடத்தைப் பார்த்துக் கம்பியை வெட்டி, வளைத்து, கட்டுக்கம்பியால் முடிச்சிட வேண்டும். டைல்ஸ் வேலை என்றால் சிறு சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும். தேர்வாளர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். எல்லாம் குறித்த நேரத்துக்குள்.

தேர்வு நியாயமானது, திறமையை நேர்மையாகவே அளக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அநியாயம். பயிற்சி, தேர்வு, ஏஜென்ட் என்று லட்சக்கணக்கான ரூபாயை நகை அடகிலும் வட்டிக் கடனிலும் புரட்டுவது அந்தக் குடும்பம். 25 வயதை எட்டிய சிங்கப்பூரருக்கு 2016 முதல் அரசே 500 வெள்ளி பயிற்சி நிதி கொடுக்கிறது. வேலை அனுமதியில் வந்தவருக்கு அது கிடையாது. பயனும் சரியாகப் பங்கிடப்படவில்லை. 2024 முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் பெற்ற வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார். உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. ஊழியர் தன் திறனை உயர்த்திக்கொண்டால் மிச்சமாகும் 400 வெள்ளி முதலாளிக்குப் போகிறது. அதில் ஒரு பங்கை ஊழியரின் சம்பளத்தில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சிங்கப்பூர் தன் தொழிற்பயிற்சி முறையை இப்போது பிற நாடுகளுக்கும் கற்றுக்கொடுக்கிறது. டெல்லியில் 2013இல் அதன் துணையோடு ஒரு திறன் நிலையம் திறந்தது. சென்னையில் உயர்தர உற்பத்தித் துறைக்கான தேசிய பயிற்சி மையம் அமைக்க 2025 செப்டம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த மையத்துக்கு 1972இன் டாட்டா நிலையமே முன்மாதிரியாக வேண்டும். அங்கே படிக்கப்போகும் இளைஞனின் பயிற்சிச் செலவை, அவனை வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் இரண்டு அரசுகளும் ஏற்க வேண்டும்.