ஃபஷானு முதல் டேனியல்ஸ் வரை: ஆங்கிலக் கால்பந்தில் தன்பாலீர்ப்பு வீரர்களும் பொதுமக்களின் எதிர்வினையும்

முன்னுரை

1990 அக்டோபர் 22 அன்று 'தி சன்' நாளிதழ் வாயிலாக ஜஸ்டின் ஃபஷானு தாம் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். இங்கிலாந்தின் தொழில்முறை ஆடவர் கால்பந்தில், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இதை வெளிப்படையாகச் சொன்ன முதல் வீரர் அவர். அடுத்தவர் ஜேக் டேனியல்ஸ். அவர் அறிவித்த நாள் 2022 மே 16. இடையில் ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த நீண்ட மௌனத்துக்குப் பார்வையாளர்களின் வசைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. வசையைத் தட்டிக்கேட்கும் பொறுப்பில் இருந்த மேலாளரும் சங்கமும் சட்டமும் வாளாவிருந்ததும், சிலபோது வசையோடு சேர்ந்துகொண்டதும் மறுபாதி. இக்கட்டுரை அந்த மறுபாதியை ஆராய்கிறது.

1. பத்து லட்சம் பவுண்டு வீரர்

1980 பிப்ரவரியில் நார்விச் அணியின் கேரோ ரோடு மைதானத்தில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டம். கோலுக்கு முதுகு காட்டி நின்ற ஃபஷானு, வந்த பந்தை வலது காலால் மேலே தட்டிவிட்டு, திரும்பிய வேகத்தில் இடது காலால் அடித்தார். பந்து வலையின் மேல்மூலையில் போய்ச் சேர்ந்தது. நார்விச் 3-5 என்று தோற்றது. ஆனால் அந்த கோலை பி.பி.சி. அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 18, அந்த மாதமே 19 ஆகவிருந்தது.

1981இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தத் தொகையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கறுப்பின வீரர் அவரே. அவர் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளுக்குச் செல்கிறார் என்ற பேச்சு மேலாளர் பிரையன் கிளஃபின் காதுக்கு எட்டியது. அவரை அழைத்து, ரொட்டிக்கும் இறைச்சிக்கும் எந்தக் கடைக்குப் போவாய் என்று கேட்டுவிட்டு, பிறகு அந்த விடுதிக்கு ஏன் போகிறாய் என்று மடக்கியதைக் கிளஃப் தம் தன்வரலாற்றிலேயே பதிவு செய்திருக்கிறார். பின்னர் பயிற்சிக்கு வரத் தடை விதித்தார். மீறி வந்தபோது காவல்துறையை அழைத்து வெளியேற்றினார். 1982 இறுதியில் ஃபஷானு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு நாட்ஸ் கவுண்டி அணிக்கு விற்கப்பட்டார். இந்தக் கட்டத்தில் ரசிகர் எவருக்கும் அவர் எதையும் அறிவித்திருக்கவில்லை. முதல் அடி அணியின் உள்ளேயிருந்துதான் விழுந்தது.

2. 1990: அறிவிப்பும் தனிமையும்

ஆண்களிடையே தன்பால் உறவு இங்கிலாந்தில் 1967இல்தான் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது, அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்குத் தனியிடத்தில் மட்டும். 1988இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடை செய்தது. இந்தச் சூழலில்தான் ஃபஷானு பேசினார்.

எதிர்வினை பல முனைகளிலிருந்தும் வந்தது. கறுப்பின மக்களின் வார இதழான 'தி வாய்ஸ்', தம்பி ஜான் ஃபஷானு அவரை விலக்கப்பட்டவர் என்று சொன்ன பேட்டியை வெளியிட்டது. மைதானங்களில் வசை முழக்கங்கள் எழுந்தன. கறுப்பர் என்பதற்காக ஏற்கெனவே ஏச்சு கேட்டவருக்கு இது இரட்டைச் சுமையானது. இருந்தும் அவர் டார்க்கே, ஏர்ட்ரி, ஹார்ட்ஸ் அணிகளில் தொடர்ந்து ஆடினார். 1998 மே 2 அன்று லண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அமெரிக்காவில் அவர்மீது பாலியல் தாக்குதல் புகார் ஒன்று எழுந்திருந்தது. அதை அவர் மறுத்திருந்தார். எனவே அந்த மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது நேர்மையாகாது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் வாழ்விலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், வாய் திறக்காதே என்பதுதான்.

3. வதந்தி போதும்

செல்சி வீரர் கிரேம் லெ சோ தன்பாலீர்ப்பாளர் அல்லர். 1991 கோடையில் சக வீரர் ஒருவரோடு கூடாரம் அடித்துச் சுற்றுலா போனதும், 'தி கார்டியன்' நாளிதழ் படித்ததும் வதந்தி கிளம்பப் போதுமாயின. உடைமாற்றும் அறையில் பிறந்த கிண்டல் மாடங்களுக்குப் பரவி, ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்தியது. 1999 பிப்ரவரியில் செல்சியின் மைதானத்தில் லிவர்பூலின் ராபி ஃபவுலர் அவருக்கு முன் பின்புறத்தைக் காட்டி இழிவுபடுத்தினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டியது ஃபவுலருக்கு அல்ல, ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக லெ சோவுக்கு. பின்னர் கால்பந்துச் சங்கம் இந்தச் சைகைக்காக ஃபவுலருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. வேறோர் ஆட்டத்தில் போதைப்பொருள் உறிஞ்சுவதுபோல் நடித்துக் கொண்டாடியதற்கு நான்கு. இவ்விரு எண்களே அன்றைய சங்கத்தின் மதிப்பீட்டைக் காட்டும்.

4. விதிகள் மாறிய காலம்

1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றச் சட்டம் இனவெறி முழக்கத்தைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. தன்பாலீர்ப்பு குறித்த வசையை அவ்வாறு குறிப்பிடவில்லை. 28ஆம் பிரிவு 2003இல் இங்கிலாந்தில் நீங்கியது. 2013இல் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான ஸ்டோன்வால் அமைப்பு வானவில் நிறக் காலணிக் கயிறு இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் கேசி ஸ்டோனி, இங்கிலாந்து மகளிர் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே தம்மை வெளிப்படுத்தினார். 2022 ஜனவரியில் அரசு வழக்குத் தொடுப்புத் துறை, செல்சி அணியினரை நோக்கி நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவந்த ஒரு தன்பாலீர்ப்பு வசை முழக்கத்தை வெறுப்புக் குற்றமாகக் கருதலாம் என அறிவித்தது.

அதே ஆண்டு மே மாதம் பிளாக்பூல் அணியின் 17 வயது டேனியல்ஸ் பேசினார். முதலில் தாயிடமும் சகோதரியிடமும் சொல்லிவிட்டு, மறுநாள் ஆடப் போய் நான்கு கோல் அடித்ததாக அவரே கூறினார். பிளாக்பூல் அணி உடன் நின்றது. கால்பந்துச் சங்கத் தலைவராயிருந்த இளவரசர் வில்லியமும் தேசிய அணித் தலைவர் ஹாரி கேனும் வாழ்த்தினார்கள். ஃபஷானுவுக்குக் கிடைக்காத அரண் இது.

முடிவுரை

மாற்றம் முழுமை பெற்றுவிடவில்லை. 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டை காட்டப்படும் என்று ஃபிஃபா எச்சரித்ததும், இங்கிலாந்து உள்ளிட்ட ஐரோப்பிய அணிகள் பாகுபாட்டை எதிர்க்கும் 'ஒன்லவ்' கைப்பட்டையைக் கைவிட்டன.

ஆயினும் திசை தெளிவாகத் தெரிகிறது. ரசிகர்கள் தாமாகத் திருந்துவார்கள் என்று காத்திருந்த காலத்தில் வீரர்கள் மௌனமாகவே இருந்தார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பொறுப்பேற்றபோது ஓர் இளைஞனால் பேச முடிந்தது. 2023 ஜனவரியில், செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் தன் ரசிகர்கள் எழுப்பிய தன்பாலீர்ப்பு வசை முழக்கத்துக்காகக் கால்பந்துச் சங்கம் ஓர் அணிமீது குற்றம் சாட்டியது, பின்னர் அபராதமும் விதிக்கப்பட்டது. அந்த அணி, ஃபஷானுவைப் பயிற்சித் திடலிலிருந்து வெளியேற்றிய அதே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்.