மருந்து என்னும் சொல்

மருந்து என்னும் சொல் ஒன்றே; பொருளோ பல. நம் ஊவாத் தோட்டங்களிலே டிஸ்பென்சரியில் தருவதும் மருந்து. களைக்கு அடிக்கும் நஞ்சும் மருந்து. பாறையைப் பிளப்பதும் வெடிமருந்து. அம்மை கண்ட லயத்திலே வேப்பிலையும் மாரியம்மன் திருவருளுமே மருந்தாயின.

சிங்கோனா மரத்தின் கதையைப் பார்ப்போம். தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த அதன் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிப்பது கண்டு, பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையார் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். புரட்டஸ்தாந்தர் சிலரோ அதனை மாற்றாரின் சூழ்ச்சியென ஐயுற்றனர். 1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1861இல் பதுளை–நுவரெலியா வீதியிலுள்ள ஹக்கலையில் சிங்கோனாத் தோட்டம் எழுந்தது. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றவே, துரைமார் சிங்கோனாவை நாடினர். அவர்களுக்கு மருந்தென்பது பணப்பயிர். பட்டை மலிந்து விலை வீழ்ந்ததும் அதனைக் கைவிட்டுத் தேயிலை நட்டனர்.

பட்டை உரித்த நம் முன்னோருக்கு நோய் வந்தால்? தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய 1872இல் ஒரு சட்டமே வேண்டியதாயிற்று. அன்று மருந்து என்னும் சொல் உரிமை என்னும் பொருளையும் பெற்றது எனலாம்.

திருவள்ளுவரோ நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர் ஆகிய நான்கும் சேர்ந்ததையே மருந்து என்றார். மரம் மருந்தைத் தந்தது. சட்டம் மருத்துவருக்கு வழி செய்தது. நள்ளிரவிலே லயத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு சேர்ப்பவர் யார்? அந்த நான்காம் கூறு இளைஞராகிய நாமே அன்றோ!