வித்தைக்காரரின் சலிப்பும் மீட்சியும்: மாயவித்தை வரலாற்றில் ஒரு பார்வை

பார்ப்பவரின் கண்ணையும் கவனத்தையும் திசைதிருப்பி, நடக்க முடியாத ஒன்றை நடந்ததாகக் காட்டும் கலையே மாயவித்தை. தமிழில் இதற்கு இந்திரசாலம், ஜாலவித்தை, கண்கட்டு வித்தை, செப்பிடு வித்தை எனப் பல பெயர்கள் உண்டு. சிறு செப்புகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் உருண்டைகளை மறையவும் தோன்றவும் செய்வதால் செப்பிடு வித்தை என்ற பெயர் அமைந்தது. பேச்சு வழக்கில் அது செப்படி வித்தை ஆயிற்று. கேரளத்தில் இதே வித்தையைச் ‘செப்பும் பந்தும்’ என்பர்.

இக்கலையின் வரலாறு பெரும்பாலும் பார்வையாளரின் வியப்பைப் பற்றியதாகவே எழுதப்பட்டுள்ளது. வித்தை காட்டுபவர் எப்போது சலித்துப்போனார், எதனால் மீண்டும் மேடையேறினார் என்பவை அதில் அரிதாகவே பேசப்படுகின்றன. புகழ்பெற்ற வித்தைக்காரர்கள் சிலரின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு அணுகினால், அவர்கள் மீண்ட வழிகளில் ஓர் ஒற்றுமை இருப்பதைக் காணலாம்.

சோர்வின் இயல்பு

நெடுநாள் வேலை அழுத்தத்தால் மனம் வற்றிப்போகும் நிலையைத் தொழிற்சோர்வு என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளவிடும் முறையை வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், இது ஒரு நோயாக அன்றி, வேலை சார்ந்த நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: ஆற்றல் தீர்ந்துபோன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், தன்னால் எதுவும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

எல்லாக் கலைஞருக்கும் இது நேரக்கூடும் என்றாலும், வித்தைக்காரரின் நிலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராக ஆலாபனை செய்யும் பாடகர் தன் குரலில் எழும் ஒரு புதிய சங்கதியில் தாமே மெய்மறக்கலாம். கூத்தாடுபவர் தம் வேடத்தில் கரைந்துபோகலாம். வித்தைக்காரருக்கோ தம் வித்தை வியப்பளிப்பதில்லை. உருண்டை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். அரங்கிலுள்ள அனைவரும் வாய்பிளந்து நிற்கும் அதே நொடியில் அவர் அடுத்த அசைவைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். ரகசியத்தைக் காக்க வேண்டியிருப்பதால் தம் திறமையின் நுட்பத்தைப் பிறரிடம் சொல்லி மகிழவும் முடியாது. ஆகவே அவருடைய உற்சாகம் வித்தைக்கு வெளியேயிருந்துதான் வர வேண்டும். அந்த ஊற்று அடைபடும்போது கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மனம் அங்கே இருக்காது.

லண்டனில் ஒரு ராமசாமி

ஐரோப்பாவில் பெயர் பெற்ற முதல் இந்திய வித்தைக்காரர்களுள் ஒருவர் ராமோ சாமி. ராமசாமி என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் அவ்வாறு திரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வித்தை காட்டினார். வாளை விழுங்குவது, பித்தளைப் பந்துகளை எறிந்து பிடிப்பது, மணிகளை வாயில் போட்டு அங்கேயே நூலில் கோத்து எடுப்பது, செப்பிடு வித்தை ஆகியவை இவருடைய நிகழ்ச்சியில் இடம்பெற்றன. ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821-ல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்பில் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதினார். நான்கு பந்துகளை ஒரே நேரத்தில் ஆட்டும் அந்தக் கைத்திறனின் முன் தம் எழுத்துத் திறனை அவர் குறைவாகவே மதிப்பிட்டார்.

அந்தப் புகழ் நிலைக்கவில்லை. மேடைக் கலையின் சுவை மாறியது. ‘கீழ்நாட்டு வித்தைக்காரன்’ என்ற வேடத்தை ஐரோப்பியரே போட்டுக்கொள்ளத் தொடங்கினர். ராமசாமிக்கோ வேறு வருவாய் இல்லை. அவர் 1850-ல் லண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்குக்கூடப் பணமின்றி அவருடைய மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க நேர்ந்தது.

பல ஆண்டுகளாக ஒரே வாளை விழுங்கிக்கொண்டிருந்த அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை எழுதி வைத்தவர் எவருமில்லை. சலிப்பு வந்தால் ஒதுங்கி ஓய்வெடுக்கும் வாய்ப்பு எல்லா வித்தைக்காரருக்கும் கிடைப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. அத்தகைய வாய்ப்பைப் பெற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை இனிக் காணலாம்.

ஒரே நாளில் மூடித் திறந்த அரங்கு

நவீன மேடை மாயவித்தையின் தந்தை எனப்படும் ராபர்ட்-ஹூடின் (1805–1871) பிரான்சில் பிறந்தவர், கடிகாரத் தொழிலாளி. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1845 ஜூலை 3-ஆம் நாள் பாரிஸ் நகரின் பாலே ராயல் பகுதியில் தம் சிறிய அரங்கைத் திறந்தார். முதல் நிகழ்ச்சி சரியாக அமையவில்லை. மேடை அச்சத்தில் மிக வேகமாகவும் ஏற்ற இறக்கமின்றியும் பேசினார். முற்றிலும் தளர்ந்துபோன அவர் அரங்கையே மூடிவிட முடிவு செய்தார். அதைக் கேட்ட நண்பர் ஒருவர், தொடக்கத்திலிருந்தே இது வீண் முயற்சி என்று தாம் நினைத்ததாகக் கூறி அம்முடிவை ஆமோதித்தார். அந்தச் சொல் அவரைச் சுட்டது. நண்பருக்குப் பதில் சொல்வதைப் போல அவர் அரங்கை மீண்டும் திறந்தார். அந்த ரோஷத்தில் தொடர்ந்த நிகழ்ச்சிகளே அவருக்குப் புகழைத் தேடித் தந்தன.

ஆனால் ரோஷம் நெடுநாள் தாங்கும் எரிபொருள் அன்று. அவரை நிலைநிறுத்தியது தம் காலத்தின் பேச்சுகளுக்குக் காது கொடுத்த பழக்கம். ஈதர் என்னும் மயக்க மருந்து 1846-ல் அறுவை சிகிச்சைக்கு வந்தது. ஊரெங்கும் அதுவே பேச்சாக இருந்தது. மறு ஆண்டே ராபர்ட்-ஹூடின் தம் இளைய மகனுக்கு ஈதர் கொடுப்பதாகக் காட்டி, ஒற்றைக் கோலின்மேல் அச்சிறுவன் கிடைநிலையில் மிதப்பதாகச் செய்தார். திரைக்குப் பின்னால் ஈதரை ஆவியாக்கி அதன் மணம் அரங்கில் பரவும்படியும் செய்தார்.

இந்த வித்தைக்கு முன்னோடியாக அமைந்தது சென்னையில் நடந்த ஒரு காட்சி. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேஷல் என்று ஆங்கிலப் பதிவுகள் குறிக்கும் முதியவர் ஒருவர், ஒரு கோலின்மேல் கையை மட்டும் லேசாக வைத்தபடி, தரைக்குச் சில அடி உயரத்தில் காற்றில் அமர்ந்திருப்பதுபோலக் காட்டினார். ஆடைக்குள் மறைந்த ஒரு தாங்கியே அதன் சூட்சுமம் எனப் பின்னாளில் விளக்கப்பட்டது. இச்செய்தி ஐரோப்பிய இதழ்களில் படத்துடன் வெளிவந்தது. சென்னையில் தவத்தின் ஆற்றலாகக் காட்டப்பட்டதைப் பாரிஸில் அறிவியலின் அதிசயமாகக் காட்டினார் ராபர்ட்-ஹூடின். சூட்சுமம் ஏறத்தாழ ஒன்றே. கதை மட்டும் புதிது. காண வந்தவரின் அன்றாடப் பேச்சிலிருந்து எடுத்த கதை என்பதால் அது அரங்கை நிறைத்தது.

1850-களின் தொடக்கத்தில் அவர் அரங்கைத் தம் மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, சொந்த ஊரான புளுவாவுக்கு அருகே ஒதுங்கி மின்சார ஆய்வுகளில் ஈடுபட்டார். 1856-ல் பிரெஞ்சு அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி அல்ஜீரியாவில் மீண்டும் மேடையேறினார். அங்கே மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த சமயப் பெரியோரின் பிடியைத் தளர்த்துவதே அரசின் நோக்கம். மின்காந்தத்தால் தரையோடு பிடித்துக்கொள்ளும் பெட்டியைத் தூக்க முடியாமல் வலிமை மிக்கவர்களும் திணறினர். ஓய்விலிருந்த கலைஞரை ஒரு புதிய நோக்கம் மீண்டும் அழைத்து வரும் என்பதை இது காட்டுகிறது. அந்த நோக்கம் யாருடையது என்று கேட்க வேண்டியதன் தேவையையும் காட்டுகிறது. இங்கே அது காலனி ஆட்சியின் நோக்கமாக இருந்தது.

ஹூடினி கைவிட்டவையும் வைத்துக்கொண்டவையும்

ராபர்ட்-ஹூடினின் பெயரைத் தழுவித் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர் ஹாரி ஹூடினி (1874–1926). புடாபெஸ்ட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், 1890-களில் மலிவான காட்சியகங்களில் ஒரு நாளைக்குப் பல முறை வித்தை காட்டிப் பிழைத்தார். சீட்டு வித்தை, பெட்டி வித்தை, கைவிலங்கு என எல்லாவற்றையும் கலந்து செய்தும் முன்னேற்றம் இல்லை. 1898 அளவில் தொழிலை விட்டுவிடும் எண்ணத்துக்கு வந்து, தம் வித்தைகளின் ரகசியங்களை விற்பதற்கு விலைப்பட்டியல் அச்சிட்டார்.

1899-ல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் அவரைக் கண்ட அரங்க முகவர் மார்ட்டின் பெக், சில்லறை வித்தைகளை உதறிவிட்டுக் கைவிலங்கிலிருந்து தப்புவதை முன்னிறுத்துமாறு ஆலோசனை கூறினார். சுமை குறைந்ததும் நிகழ்ச்சிக்கு ஒரு முகம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஹூடினி ஐரோப்பாவில் புகழ்பெற்றார்.

சில ஆண்டுகளில் கைவிலங்கும் பழகிப்போனது. அவரைப் பார்த்துச் செய்பவர்கள் பெருகினர். 1908-ல் அவர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீர் நிரம்பிய பெரிய பால் கேனுக்குள் புகுந்து, மூடியைப் பூட்டச் செய்து, அதிலிருந்து வெளிவருவதே அது. உள்ளே இறங்கும் முன், தம்மோடு சேர்ந்து மூச்சை அடக்குமாறு பார்வையாளரைக் கேட்டுக்கொள்வார். சிறிது நேரத்தில் அரங்கிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக மூச்சை விட்டுவிடுவர். கேனுக்குள் இருப்பவர் இன்னும் வெளியே வரவில்லை என்பது அப்போது ஒவ்வொருவர் நெஞ்சிலும் உறைக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அவர் தம் வித்தையில் பங்காளிகள் ஆக்கினார்.

இந்தியாவில் இரண்டு கைமாற்றங்கள்

வங்கத்தைச் சேர்ந்த பி. சி. சர்க்கார் (1913–1971) ‘இந்திரஜால்’ என்ற தம் நிகழ்ச்சியை உலகெங்கும் கொண்டுசென்றார். 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுப்பதாகக் காட்டியபோது, நேரம் முடிந்து ஒளிபரப்பு சட்டென நின்றது. அப்பெண் இறந்துவிட்டாள் என அஞ்சிப் பலர் தொலைபேசியில் அழைத்தனர். பயணத்தை விடாத அவர் 1971 ஜனவரி 6-ஆம் நாள், ஜப்பானில் நிகழ்ச்சி நடத்தச் சென்றிருந்த இடத்தில் மாரடைப்பால் காலமானார், வயது 57. அவர் மகன் அதே பெயரில் இந்திரஜாலத்தைத் தொடர்ந்தார்.

கேரளத்தின் கோபிநாத் முதுகாடு வேறொரு வழியைத் தேர்ந்தார். சிறுவயது முதல் மேடையில் இருந்த இவர், திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 2014-ல் ‘மேஜிக் பிளானட்’ என்ற வளாகத்தை உருவாக்கினார். தெரு வித்தைக்காரர்களுக்கு அங்கே நிலையான மேடை கிடைத்தது. பின்னர் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வித்தையும் பிற கலைகளும் கற்பிக்கும் மையம் அங்கே தொடங்கியது. 2021-ல், ஏறத்தாழ 45 ஆண்டு மேடை வாழ்வுக்குப் பின், கட்டணம் பெற்று நடத்தும் நிகழ்ச்சிகளிலிருந்து விலகி அக்குழந்தைகளுக்காகவே உழைக்கப்போவதாக அவர் அறிவித்தார். மேடையை விட்டாலும் வித்தையை விடவில்லை. பார்வையாளருக்குச் சொல்ல முடியாத ரகசியத்தை மாணவருக்குச் சொல்லலாம். கற்கும் குழந்தையின் கையில் ஒரு செப்பு முதன்முறையாகச் சரியாகக் கவிழும்போது, ஆசிரியருக்கும் அது புதிதாகிறது.

தெருவில் நிற்பவரின் சோர்வு

மேடையும் முகவரும் இல்லாத வித்தைக்காரரின் சோர்வுக்கு மனத்தைத் தாண்டிய காரணங்களும் உண்டு. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் காசு பெறுவதைப் பிச்சையோடு சேர்த்தது. தில்லிக்கும் விரிவாக்கப்பட்ட இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018-ல்தான் செல்லாதென அறிவித்தது. வித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் வாழ்ந்த தில்லியின் கட்புத்லி காலனி அதற்கு முந்தைய ஆண்டில் இடிக்கப்பட்டது. காவலர் வருகிறாரா என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டு செப்பைக் கவிழ்ப்பவரிடம் உற்சாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர் நிற்பதற்கு ஓர் இடம் தேவை. ராமசாமியின் கடைசிக் காலமும் இதையே சொல்கிறது.

வரலாறு காட்டும் வழி

பழவேற்காட்டை ஒட்டிய கடலோரக் குப்பங்களில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. மீன் பெருகுவதற்கென்று விடப்பட்ட அந்த நாட்களில் படகைப் பழுது பார்ப்பர். வலையைப் பின்னிச் சீராக்குவர். ஓய்வென்றாலும் கை தொழிலை விட்டு அகல்வதில்லை. அதே சமயம், பிடிப்பு இல்லாத நாட்களுக்கான நிவாரணத் தொகை இல்லையெனில் அந்த ஓய்வு வெறும் பட்டினியாகிவிடும். கலைஞரின் ஓய்வுக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

மேலே கண்டவர்களில் எவரும், பழைய வித்தையைப் பழைய விதமாகவே இன்னும் கடுமையாகச் செய்து சலிப்பைக் கடக்கவில்லை. ஒருவர் காலத்தின் பேச்சிலிருந்து கதையை எடுத்தார். ஒருவர் பலவற்றைக் கைவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். பிறகு அரங்கையே தம்மோடு மூச்சடக்க வைத்தார். இன்னொருவர் பார்வையாளருக்குப் பதில் மாணவரைத் தேடிப் போனார். மூவருக்கும் உற்சாகம் எதிரே இருந்த மனிதரிடமிருந்தே திரும்பி வந்தது. தம் வித்தையில் தாமே வியக்க முடியாத கலைஞருக்குப் பிறர் வியப்பில்தான் பங்கு உண்டு. மீஞ்சூரில் திருவிழாக் கடைகளுக்கு நடுவே ஒருவர் மூன்று செப்புகளை வைத்து உட்கார்ந்திருந்தால், அந்த வழியே போகும் மாணவர் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுக் காசு போட்டுச் செல்லலாம். அவருக்கு அன்று அது பிழைப்பு மட்டுமல்ல.